இரண்டு விடியல்களின் தூரம்

சாங்கியில் உட்கார்ந்து பலகையில் ஓடும் ஊர்ப் பெயர்களுக்கு எத்தனை மணி நேரம் என்று கைப்பேசியில் தேடுவது என் பழைய பழக்கம். பெர்த்துக்கு ஐந்து. கொழும்புக்குக் கிட்டத்தட்ட நாலு. சரி, பெர்த்திலிருந்து நேரே இலங்கைக்கு? ஜெட்டுக்கு ஏழு மணி நேரம் போதும். 1943இல் அதே தூரத்துக்கு ஒரு பகல், ஓர் இரவு, அதுக்கு மேலயும் ஆச்சு. வழியில் எங்கும் இறங்க முடியாது.

அதுக்குக் காரணம் நம்ம ஊர்தான். 1938 முதல் குவாண்டாஸின் பறக்கும் படகுகள் சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்துக்குப் போய்வந்தன. காலாங்கில் இறங்கி, எண்ணெய் போட்டு, மறுபடி கிளம்பும். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. வழி அறுந்துபோனது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. ஆனால் ஆஸ்திரேலியா திடீரென்று எங்கேயோ போய்விட்டது.

மிஞ்சியது இந்தியப் பெருங்கடல். 1943 நடுவில், பெர்த்தின் சுவான் ஆற்றுக்கும் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்கும் இடையே கேட்டலினா படகு விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. சுமார் 5,600 கிலோமீட்டர். எடையெல்லாம் எண்ணெய்க்கே சரியாப் போச்சு. மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான். ஆயுதம் கிடையாது. ஜப்பானியர் சுற்றும் வான்பகுதியை இருட்டில் கடக்கணும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. வழி சொன்னவை நட்சத்திரங்கள்தான்.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைகல், ஆன்டேரஸ், ஸ்பைகா. இதில் ஆல்டேர் நம்ம திருவோணம். ஆன்டேரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. ஜாதகக் கட்டத்தில் மட்டுமே நான் பார்த்த பெயர்கள், யாரோ சிலரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு 'இரட்டை விடியல் ரகசியச் சங்கம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதிகபட்சமாக ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. 2018இல் தொடங்கிய பெர்த்-லண்டன் நேரடி விமானம் 14,498 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

1945 நடுவில் சேவை நின்றது. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை, ஒப்பந்தம் அப்படி.

விமான வரலாறு எழுதுபவர்கள் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கொக்கல ஏரிதான் உறுத்துகிறது. அங்கே படைத்தளம் அமைக்க ஊர்க்காரர்களை வெளியேற்றினார்கள். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய வீடு மட்டும் தப்பித்தது, இப்போது அருங்காட்சியகம். சுற்றியிருந்த மற்ற வீடுகள் இல்லை.