குதிரையை விற்ற மேயர்

நகராட்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குப்பை லாரி, வீட்டு வரி, எரியாத தெருவிளக்கு. நிலத்தையும் விதையையும் கையில் கொடுத்து, ‘போய்ப் பயிர் வை’ என்று அனுப்பிய ஒரு மேயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். 1893-ல் அந்த நாட்டையே உலுக்கியது ஒரு பொருளாதார நெருக்கடி. வங்கிகள் திவால். தொழிற்சாலைகளுக்குப் பூட்டு. போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளிகள் நடுத்தெருவில்!

மேயர் ஹேஸன் பிங்க்ரீ ஷூ கம்பெனி முதலாளி. அவர் கண்ணில் பட்டவை ஊரெங்கும் இருந்த காலி மனைகள். விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட்டு, புல் மண்டிக் கிடந்தவை. ஒரு பக்கம் சும்மா கிடக்கும் நிலம். இன்னொரு பக்கம் சும்மா இருக்கும் கைகள். இரண்டையும் சேர்த்தால்?

1894-ல் மனைக்காரர்களிடம் நிலத்தை இரவல் கேட்டார். கிடைத்தது. உழவுக்கும் விதைக்கும் காசு? தேவாலயங்களில் வசூல் நடத்தினால், தேறியது சில்லறைதான். ‘உருளைக்கிழங்கு மேயர்’ என்று கேலி வேறு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஆசையாக வளர்த்த தன் குதிரையையே ஏலத்தில் விற்றுவிட்டார்!

முதல் வருடமே சுமார் 430 ஏக்கர். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான குடும்பங்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், டர்னிப்... பி.காம். படித்த புத்தி, எனக்கு உடனே வரவு செலவைப் பார்க்கத் தோன்றும். நகராட்சி போட்டதைப்போலப் பல மடங்கு விளைச்சல்! அதைவிடப் பெரிய லாபம், கணக்குப் புத்தகத்தில் ஏறாதது. யாரிடமும் கையேந்தாமல், தான் விளைவித்ததைத் தானே தின்றார்கள் அந்த ஜனங்கள். சிரித்த ஊர்களே பிறகு காப்பியடித்தன. பஃபலோ, பிலடெல்பியா, நியூயார்க் என்று திட்டம் பரவியது.

அப்புறம்? இரவல் நிலம்தானே! நல்ல காலம் திரும்பியதும் தோட்டங்கள் மனைகளாகிவிட்டன. திட்டம் மெல்ல மறைந்தது.

கதை முடியவில்லை. கார் தொழிலால் கொழித்த அதே டெட்ராய்ட், பின்னாளில் காலியானது. 2013 ஜூலையில் நகராட்சியே மஞ்சள் கடுதாசி நீட்டியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், நகருக்குள் விவசாயம் செய்ய முறைப்படி அனுமதி தரும் விதிகளை நகர சபை நிறைவேற்றியிருந்தது. இந்த முறை தயவில் தந்த இரவல் இல்லை, சட்டத்தில் ஏறிய உரிமை!

உங்கள் தெருமுனையில் முள்வேலிக்குள் சும்மா கிடக்கிறதே ஒரு மனை... அடுத்த முறை தாண்டிப் போகும்போது, அந்தக் குதிரையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.