தொண்டைக்கொடி முதல் விசா வரை

கடல் கடந்த திருமணம் என்றவுடன், அது இக்காலத்துப் பிள்ளைகள் புதிதாய்க் கண்டுபிடித்த வழக்கம் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்து, வேலையின் பொருட்டுப் பாங்காக்கு சென்ற மகனோ மகளோ, அங்குள்ள தாய்லாந்துக் குடும்பமொன்றில் தம் வாழ்க்கைத் துணையைத் தேர்ந்துகொண்டதாக எழுதினால், நம் இல்லங்களில் முதலில் எழுவது, "நம் குலத்தில் இப்படி உண்டா?" என்னும் கேள்வியே. இரண்டாவது கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: "வருகின்றவர் எந்த உரிமையோடு இங்கே இருப்பார்?" முதற் கேள்விக்கு விடை எளிது. உண்டு, நெடுங்காலமாக உண்டு. இரண்டாவதே நம் கவனத்துக்குரியது. அதற்கு வரலாறு தரும் விடையை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பெரும்பாணாற்றுப்படைக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், தொண்டைமான் இளந்திரையனின் பிறப்பைப் பற்றி ஒரு கதை கூறுகின்றார். நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று, நாககன்னி ஒருத்தியோடு கூடினான். தனக்குப் பிறக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறும், அவன் கரை சேர்ந்தால் நாடு அளிப்பதாகவும் மன்னன் கூறினான். திரை கொணர்ந்த பிள்ளை திரையன் ஆயினான், கொடியால் தொண்டைமான் ஆயினான், நாடும் பெற்றான்.

மணிமேகலை கூறும் கதையோ துயரமானது. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழன் நெடுமுடிக்கிள்ளிக்குத் தான் பெற்ற மகனைக் கம்பளச்செட்டி என்னும் வணிகனின் மரக்கலத்தில் புகாருக்கு அனுப்பினாள். கலம் உடைந்தது, குழந்தை கிட்டவில்லை. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஒரு பிள்ளை அடையாளத்தோடு கரை சேர்ந்து அரசனானான். மற்றொரு பிள்ளை கரை சேராமையால் ஒரு நகரமே அழிந்தது. கடல் கடந்து பிறந்த உறவை இக்கரை எவ்வாறு அடையாளம் காணும் என்னும் கவலை நம் முன்னோருக்கு இருந்தது என்பதற்கு இவ்விரு கதைகளே சான்று. அன்று அடையாளம் கொடி; இன்று அடையாளம் காகிதம்.

இனிக் கதையை விட்டுச் சயாமுக்கு வருவோம். தென் தாய்லாந்தில் குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல் ஒன்றில், 'பெரும்பதன் கல்' என்று தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே கடற்பகுதியில், தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் வைக்கப்பட்டதையும் அது கூறுகின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். குளம் வெட்டுகின்றவன் மறுநாள் கப்பலேறப் போகின்றவன் அல்லன். ஊரில் தங்க எண்ணியவனே நீருக்கு வழி செய்வான்.

பாங்காக்கு அரசவையில் இன்றும் அந்தணக் குடும்பத்தார் சடங்குகளை நடத்துகின்றனர். தம் முன்னோர் இராமேசுவரத்தினின்றும் வந்தவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுரை. மார்கழியில் நம் வீடுகளில் ஒலிக்கும் திருவெம்பாவையின் பெயரால் அங்கே 'திரியம்பாவாய்' என்னும் விழா நிகழ்ந்து வந்தது. அவ்விழாவில் ஆடப்பட்ட பெரிய ஊசலின் ஆட்டம் 1935ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஊசல் தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அவ்வந்தணர் வீட்டில் பேசும் மொழி தாய் மொழியே, அதாவது சயாமியரின் மொழியே. பெண் கொண்ட இடத்து மொழி பிள்ளைகளின் மொழி ஆவது இயற்கை. ஆகவே தமிழன் தாய்லாந்தில் குடும்பம் கண்டது நேற்று நிகழ்ந்த செய்தி அன்று.

ஆயினும் எல்லாக் குடும்பங்களும் நலமாக வாழ்ந்தன என்று சொல்வதற்கில்லை. சயாமின் அண்டை நாடாகிய பர்மாவைப் பார்ப்போம். வட்டித் தொழிலுக்கும் வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்குமாகத் தமிழர் பெருந்திரளாய்ச் சென்ற நாடு அது. அங்கே பர்மியப் பௌத்தப் பெண்களோடு குடும்பம் நடத்திய இந்தியர் பலர். பௌத்த வழக்கம் அதை மணம் என்று ஏற்றது. கணவனுக்குரிய இந்துச் சட்டமோ ஏற்கவில்லை. கணவன் இறந்தபோதோ ஊர் திரும்பியபோதோ, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் மனைவி அல்லள் என்று ஆயினாள். அவள் பெற்ற மக்கள் சொத்துக்கு உரியரல்லர் என்று ஆயினர். இக்குறை நீக்க 1939இல் பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமை பற்றித் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் அதற்கு மாற்றாக வேறொரு சட்டமும் வந்தது. அப்பெண்களுக்கு நேர்ந்த தீங்கில் நம்மவர்க்கும் பங்குண்டு என்பதை மறைப்பது முறையன்று. கொடி கட்டாமல் கடலில் விட்ட பிள்ளைகள் அவர்கள்.

இந்தியாவிலும் நிலை நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. கேசவ சந்திர சேனரும் பிரம்ம சமாஜத்தாரும் செய்த முயற்சியால் 1872இல் மூன்றாம் எண் சட்டம் பிறந்தது. பதிவாளர் முன் மணம் செய்ய அது வழி திறந்தது. ஆனால் மணமக்கள் இருவரும் தாம் கிறித்தவர், யூதர், இந்து, முகம்மதியர், பார்சி, பௌத்தர், சீக்கியர், சமணர் எவரும் அல்லர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். நாள்தோறும் திருநீறு அணியும் தமிழனும், நாள்தோறும் புத்தருக்கு மலரிடும் மங்கையும் இந்நாட்டில் அச்சட்டப்படி மணக்க விரும்பினால், வாழ்வின் முதல் நாளில் இருவரும் பொய் எழுத வேண்டியிருந்தது.

1923இல் ஹரிசிங் கௌர் கொண்டுவந்த திருத்தம், இந்துக்களும் பௌத்தரும் சீக்கியரும் சமணரும் தம்முள் மணப்பதற்குச் சமய மறுப்பு வேண்டா என்றது. எனினும் அதற்கு விலையும் வைத்தது. அவ்வாறு மணந்தவன் கூட்டுக் குடும்பத்தினின்றும் பிரிந்தவனாகக் கருதப்பட்டான். பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையை இழந்தான். அவன் தந்தைக்கு வேறு மகன் இல்லையேல், தத்துப்பிள்ளை ஒருவனை எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. மகன் உயிரோடு இருக்கும்போதே அவனை இறந்தவனாக எண்ணுவதற்கு இது ஒப்பாகும் அன்றோ?

அக்காலத்தில்தான், 1920இல், மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். சென்னையில் கண்டனம் மிகுந்தது. திருமணம் நடந்ததோ நம் பம்பாயில். வீட்டை விட்டு வந்தவர்க்கு நிழல் தருவது இந்நகரின் பழைய குணம். நம்மையும் அக்குணமே வாழ வைத்தது. கண்டனத்துக்கு உள்ளான அப்பெண்மணி 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அன்று தூற்றிய ஊரே பின்னாளில் தன் பெண்மக்களை அவரிடம் நாட்டியம் கற்க அனுப்பியது.

அவ்விருவரும் ஒரே முடியின் குடிகள். நாட்டுரிமைச் சிக்கல் அவர்களுக்கு எழவில்லை. சயாமோ தனியரசு. 1914ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டப்படி, அயல்நாட்டானை மணந்த பெண் அயல்நாட்டவளே ஆவாள். சயாமியர் ஒருவரை ஒரு தமிழ்ப்பெண் அந்நாளில் மணந்திருந்தால், தான் பிறந்த மண்ணிலேயே அவள் அயலாள் ஆகியிருப்பாள். இவ்விதி 1933இல் சிறிது தளர்ந்தது. விடுதலை பெற்ற நாட்டின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியனை மணந்த அயல்நாட்டுப் பெண் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம் என்றது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆடவனுக்கு அவ்வழி 1986ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இல்லை. மகனுக்கு ஒரு நீதியும் மகளுக்கு ஒரு நீதியும் நம் இல்லங்களில் மட்டுமா இருந்தன? சட்டப் புத்தகத்திலும் இருந்தன.

இன்று வழி செப்பனிடப்பட்டுள்ளது. 1954ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம் எவரையும் சமயம் கேட்பதில்லை. கூட்டுக் குடும்பப் பிரிவு என்னும் பழைய தண்டனையும், மணமக்கள் இருவரும் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோருள் அடங்குவராயின், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. மணமக்களில் ஒருவரேனும் 30 நாட்கள் வாழ்ந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புத் தரவேண்டும். தடை கூறுவோர்க்கு 30 நாட்கள் இடமுண்டு. பின்னர் மூன்று சாட்சிகளோடு மணம் நிகழும். வெளிநாட்டில் மணப்போர்க்கு 1969ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டம் இந்தியத் தூதரக அலுவலர் முன் மணக்க இடம் தருகின்றது.

தாய்லாந்தின் சட்டப்படி மணப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1935ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் திருமணம் என்பது 'அம்ப்பூர்' எனப்படும் வட்ட அலுவலகத்தில் செய்யும் பதிவே. பிக்குகள் ஓதியதும் விருந்து நடந்ததும் ஊரறியச் சிறப்பு, சட்டத்துக்குப் போதா. நம் பிள்ளை மணமாகாதவர் என்பதற்கு இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, அதைத் தாய் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு அயலுறவுத் துறையின் ஒப்பம் பெற்றபின்னரே பதிவு நிகழும். தாய்லாந்துப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கும் கணவன், துணைவருக்குரிய விசாவை ஓராண்டுக்கு நீட்டிக்க, அந்நாட்டு வங்கியில் 4,00,000 பாட் வைப்புத் தொகையோ மாதம் 40,000 பாட் வருவாயோ காட்டவேண்டும்.

துணையை இங்கு அழைத்து வருவதாயின், இந்தியர் ஒருவரின் துணைவர் என்ற முறையில் நுழைவு விசா கோர வேண்டும். வந்தபின் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தின் விதிகளைக் குறித்த நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். பதிவான மணம் இடையறாது ஈராண்டு நிலைத்தபின் 'ஓ.சி.ஐ.' எனப்படும் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமையே வேண்டுவோர் ஏழாண்டு இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லையாதலின், தாய்லாந்துக் குடியுரிமையைத் துறக்கவும் வேண்டும். பிறந்த நாட்டைத் துறப்பது எளிய செயலன்று. அம்முடிவை எடுக்குமாறு மாமியாரோ மாமனாரோ வற்புறுத்துதல் தகாது.

இவற்றையெல்லாம் படித்த அன்பர் சிலர், "அன்புக்கு எதற்கு இத்தனை முத்திரை?" என்று கேட்கக்கூடும். பர்மாவின் அப்பெண்களைக் கேட்டால் விடை கிடைக்கும். முத்திரை, அன்பு உள்ளவனுக்கு வீண் அலைச்சலாகத் தோன்றலாம். அன்பு மாறிய நாளிலும், அன்புடையவன் இறந்த நாளிலும், அது ஒன்றே ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் துணை நிற்கும். ஆகவே கோயிலில் தாலி கட்டுவதோடு நில்லாது, பதிவையும் அன்றே தொடங்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் பெயரின் எழுத்து ஒன்றாக உள்ளதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். பிள்ளையிடம் வருத்தம் இருப்பினும் சாட்சிக் கையொப்பமிட மறுக்காதீர்கள்.

சட்டம் தரும் அட்டை நாட்டின் வாயிலைத் திறக்கும். வீட்டின் வாயிலை நாமே திறக்க வேண்டும். மொழி அறியாது, உறவு அறியாது, நம் காலனியின் மூன்றாம் மாடியில் வந்திறங்கும் மருமகளுக்கோ மருமகனுக்கோ, "வாம்மா", "வாங்க மாப்பிள்ளை" என்னும் சொல்லே முதல் தமிழ்ப் பாடம் ஆகட்டும். நாமும் ஒருநாள் இந்நகரில் மொழி அறியாது வந்திறங்கியவர்களே அல்லரோ? நமக்கு அன்று இடம் கொடுத்தவர்கள் நம் குலம் எது என்று கேட்டிருந்தால், இச்சங்கமும் இல்லை, இம்மலரும் இல்லை. கொடி கட்டி வரும் பிள்ளையைக் கரையில் நின்று வரவேற்போம்.