பால்மரம் போன பாதை

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களும் உண்டு. கீரமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரத்துக்கு மலாயா அந்நிய நாடல்ல. கடுதாசியும் பணமும் வந்த ஊர். அங்கே அவர்கள் சீவிய பால்மரத்தின் கதை ரப்பர் தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை. நிலநடுக்கத்தில் கட்டடங்கள் விழாமல் காப்பதுவரை அது நீள்கிறது.

அந்த மரமும் மலாயாவுக்கு வந்தேறிதான். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரம் பெருகியதும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள்.

விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கு. ஆஜர் சொல்லிவிட்டு இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும். உளியால் பட்டையை மெலிசாக, சாய்வாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் பட்டாலும் மரத்துக்குக் காயம், சீவியவருக்கு வசவு. கோட்டின் வழியே பால் இறங்கி மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். அதைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையில் காயவைத்தால் ரப்பர் ஷீட்.

டயருக்குப் போன அந்த ரப்பர், 1957 வாக்கில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. 1966-இல் லண்டனில் சுரங்க ரயிலின் அதிர்வு ஏறாதபடி ஒரு குடியிருப்பையே ரப்பர்மேல் நிறுத்தினார்கள். அடுத்தது நிலநடுக்கம். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வகம் இங்கிலாந்தில் இருந்தது. அதுவும் கலிபோர்னியாப் பேராசிரியர் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, கட்டடத்துக்கு அடியில் வைக்க ஒரு பேரிங்கை உருவாக்கினார்கள்.

ரப்பர் ஒரு அடுக்கு, இரும்புத் தகடு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி வைத்து, சூடேற்றி ஒட்டியது அது. தகடு இருப்பதால் கட்டடத்தின் பாரத்துக்கு ரப்பர் பிதுங்காது. பக்கவாட்டில் மட்டும் இளகிக் கொடுக்கும். தரை வெடுக்கென்று ஆடும்போது மேலே கட்டடம் மெதுவாகத்தான் அசையும். ரப்பரில் கரித்தூள் முதலியவற்றைக் கலப்பதால் ஆட்டத்தின் ஆற்றல் உள்ளேயே சூடாகி அடங்குகிறது.

கஜா புயலில் தென்னந்தோப்புகளை இழந்த கீரமங்கலத்துக்காரர் உடனே கேட்பார்: காற்றுக்கு ஆடாதா? ஆடாது. சிறிய அசைவுக்கு இந்த ரப்பர் விறைப்பாக நிற்கும். பெரிய அசைவுக்குத்தான் இளகும். இதன் அருமையே இந்தக் குணத்தில்தான் இருக்கிறது என்பேன்.

1985-இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ குகமொங்காவில் நான்கு மாடி நீதிமன்றக் கட்டடம் இப்படிப்பட்ட 98 பேரிங்குகள்மேல் எழுந்தது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுவே முதல் கட்டடம். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, நடுவில் ஈயம் பதித்த ரப்பர் பேரிங்குகள் வைத்தார்கள். அது நியூசிலாந்து விஞ்ஞானி பில் ராபின்சன் கண்டுபிடித்த வகை.

எந்தப் பேரிங்கில் எந்த மரத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மலாயாவில் ரப்பர் என்ற தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு தமிழ்க் கைகளுக்கு உண்டு. பொறியியல் வரலாற்றில் அந்தக் கைகளுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது அநியாயம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டன் கொண்டுவந்த உளியோ மங்கோ கப்பல் சீட்டோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். திருக்கோகர்ணத்தில் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள்.