யாரும் கேட்காத பாட்டைப் போட்ட மனிதர்

சற்று நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

யூடியூபில் ஒரு பாட்டுக் கேட்டால் போதும், அதே சாயலில் இன்னும் நாற்பது பாட்டு வரிசை கட்டி நிற்கிறது. வசதிதான். ஆனால் நமக்குப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாத பாட்டு ஒன்று நம்மிடம் எப்படி வந்து சேரும்? இந்தக் கேள்வியோடு பார்த்தால் இங்கிலாந்து வானொலிக்காரர் ஜான் பீலின் வரலாறு மிகவும் சுவையானது.

1960களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குள் வானொலி என்றால் பி.பி.சி. மட்டுமே. வானொலியில் ஓயாமல் இசைத்தட்டு போட்டால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று வாத்தியக் கலைஞர்கள் சங்கம் அஞ்சியது. அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. அதற்கு ‘ஊசி நேரம்’ என்றே பெயர். தட்டின் மேல் ஊசி ஓடுகிற நேரம்! இளைஞர்கள் கேட்க விரும்பிய பாட்டு அந்தச் சில மணி நேரத்துக்குள் அடங்கவில்லை.

1964இல் சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கப்பலில் ஒலிபரப்புக் கருவியை ஏற்றி, பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தி, அங்கிருந்து பாட்டு அனுப்பினார்கள். இவற்றைக் ‘கடற்கொள்ளை வானொலி’ என்றார்கள். ரேடியோ கரோலைன் முதலில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது. இந்த ரேடியோ லண்டனில்தான் 1967 வசந்த காலத்தில் ஜான் பீல் வேலைக்குச் சேர்ந்தார்.

இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். 1939இல் லிவர்பூலுக்கு அருகே பிறந்தவர். தந்தை பஞ்சு வியாபாரி. 1960இல் அமெரிக்கா போய், அங்கே வானொலி வேலை பழகித் திரும்பியவர். கப்பலில் அவருக்குக் கிடைத்தது நள்ளிரவு 12 முதல் 2 மணி வரை. அந்த நேரத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. அவரும் தம் மனம்போலப் பாட்டுப் போட்டார். நிகழ்ச்சிக்கு ‘நறுமணத் தோட்டம்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்.

அது சைக்கடெலிக் இசை பிறந்த காலம். போதை மருந்து தரும் மயக்க அனுபவத்தை ஒலியிலேயே காட்ட முயன்ற இசை அது. எதிரொலி, பின்னோக்கி ஓடும் டேப், சிதார் எல்லாம் அதில் கலந்தன. கூடவே பழைய நாட்டுப்புற இசையும் புது வடிவம் எடுத்தது. ஸ்காட்லாந்தின் இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழு 1967இல் வெளியிட்ட இசைத்தட்டில் கிராமியப் பாணியும் சிதாரும் சேர்ந்தே ஒலித்தன. பகல் நேரத்தில் இதையெல்லாம் போட யாரும் துணியவில்லை. பீல் போட்டார். கேட்டவர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அப்போதுதான் நிர்வாகத்துக்கே விஷயம் தெரிந்தது.

அரசு புதுச் சட்டம் கொண்டுவந்ததால் 1967 ஆகஸ்ட் 14 அன்று ரேடியோ லண்டன் மூடப்பட்டது. ஆனால் மக்கள் ருசி கண்டுவிட்டார்களே! செப்டம்பர் 30 அன்று பி.பி.சி.யே ‘ரேடியோ 1’ என்ற இளைஞர் வானொலியைத் தொடங்கி, கப்பல்காரர்கள் பலரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பீலும் அவர்களில் ஒருவர்.

அங்கும் ஊசி நேரக் கட்டுப்பாடு இருந்தது. அதையே நன்மையாக மாற்றிக்கொண்டார்கள். குழுக்களை நேரில் ஸ்டூடியோவுக்கு அழைத்து, பெரும்பாலும் ஒரே நாளில் நாலு பாட்டு ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். எந்தக் கம்பெனியும் சேர்க்காத குழுவுக்கும் கதவு திறந்தது. இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் நடந்தன.

1973 மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மைக் ஓல்ட்ஃபீல்டுக்கு அப்போதுதான் 20 வயது. கிதார், பியானோ, மணி என்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்து ‘டியூபுலர் பெல்ஸ்’ என்ற இசைத்தட்டை உருவாக்கியிருந்தார். பாட்டே இல்லை, இரண்டு பக்கமும் நீண்ட வாத்திய இசை. பல கம்பெனிகள் வேண்டாம் என்றன. வர்ஜின் என்ற புதுக் கம்பெனி தன் முதல் வெளியீடாக அதைக் கொண்டுவந்தது. வெளிவந்த சில நாளில், மே 29 அன்று, பீல் அதை முழுவதுமாக ஒலிபரப்பினார். பின்னால் அது உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. வர்ஜின் கம்பெனி நிமிர்ந்து நின்றதும் அதனால்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வேடிக்கை. ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோ இருவரும் கிதாரையும் இரண்டு டேப் ரெக்கார்டர்களையும் வைத்து நீண்டு நீண்டு செல்லும் ஓர் இசையைச் செய்திருந்தார்கள். பீல் நிகழ்ச்சியில் அந்த டேப் தலைகீழாக ஓடிவிட்டது! 2008இல் அந்த இசையை மறுபடி வெளியிட்டபோது, தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். இந்த ஈனோதான் 1978இல் விமான நிலையங்களுக்காக ஒரு இசைத்தட்டு செய்து, ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர். கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமல் அறையின் காற்றைப் போலவும் விட்டுவிடலாம். அதுதான் ஆம்பியன்ட்.

பீலைப் பற்றி நான் பெரிதாக நினைப்பது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். 1976இல் பங்க் இசை வந்தது. கரடுமுரடான, வேகமான, கோபமான இசை. பீல் அதைப் போட்டதும் பழைய நேயர்கள் கொதித்தார்கள். இனிப் போடாதே என்று எழுதினார்கள். அவர் இன்னும் அதிகமாகப் போட்டார். பத்தாண்டு சேர்த்த நேயர்களில் பலரை இழக்கத் துணிந்தார். ஆண்டு முடிவில் நேயர்கள் வாக்களிக்கும் ஐம்பது பாட்டுப் பட்டியலில் 1976இல் முதலிடம் லெட் செப்பெலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. 1978இல் முதலிடம் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ‘அனார்க்கி இன் தி யு.கே.’ இரண்டே ஆண்டில் கேட்பவர் கூட்டமே மாறிவிட்டது.

நட்புக்கும் அவர் விலக்குத் தரவில்லை. மார்க் போலனை ஆரம்பத்திலிருந்து தூக்கிவிட்டவர் பீல். 1971இல் போலனின் ‘கெட் இட் ஆன்’ பெரும் வெற்றி பெற்றபோது, அது பீலுக்குப் பிடிக்கவில்லை. அந்த நட்பு தளர்ந்துபோனது.

அவர் போட்டதெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் இன்று யார் நினைவிலும் இல்லை. 33 வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு நேயர்களைச் சிரிக்க வைத்த நாட்களும் உண்டு. ஆனால் நூறு கேட்டால்தானே ஒன்று தேறும்? அந்தத் தொண்ணூற்றொன்பதையும் கேட்கும் சிரமத்தை அவர் நமக்காக ஏற்றுக்கொண்டார்.

ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். வகுப்பில் எப்போதும் கை தூக்கும் ஐந்து பிள்ளைகளையே கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் சுலபமாக ஓடும். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பவனை எழுப்பிக் கேட்டால் நேரம் வீணாகலாம். ஆனால் சில நாள் அவன் சொல்லும் பதில், நாம் பாடத்தைப் பார்த்த விதத்தையே மாற்றிவிடும். இன்றைய கணினி வரிசை கை தூக்கும் பிள்ளைகளை மட்டுமே கேட்கிறது. நேற்று நாம் ரசித்ததையே இன்றும் தருகிறது. நாம் கோபித்துக்கொள்வோம் என்று தெரிந்தே ஒன்றைப் போடும் துணிச்சல் அதற்கு ஏது?

பீல் 2004 அக்டோபர் 25 அன்று, பெரு நாட்டுக்குப் பயணம் போயிருந்த இடத்தில், 65 வயதில் மாரடைப்பால் இறந்தார். வீட்டில் சுமார் 26,000 எல்.பி. இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றை அட்டைகளில் தட்டச்சு செய்து, நூலகர் போலப் பட்டியலிட்டு வைத்திருந்தார்.

அந்த வேலை நின்றுவிடவில்லை. பி.பி.சி.யின் 6 மியூசிக்கில் ஸ்டூவர்ட் மகோனி இத்தகைய விசித்திர இசைக்கென்றே நிகழ்ச்சி நடத்தி வந்திருக்கிறார். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் சைக்கடெலிக், நாட்டுப்புறம், ஆம்பியன்ட் என்று தனித்தனியே புது வெளியீடுகள் குவிகின்றன. பெயர் தெரியாத கலைஞரிடமே நேரடியாக வாங்கலாம். அங்கே ஒரு இசைத்தட்டை வாங்கியவர் வேறு என்ன வாங்கினார் என்றும் பார்க்கலாம். அந்த நூல் பிடித்துப் போனால், எந்தக் கணினியும் நமக்குச் சொல்லாத இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

வாரத்தில் ஒரு மணி நேரம், யாரும் நமக்குத் தேர்ந்து கொடுக்காத ஒரு இசைத்தட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்தில் பிடிக்காவிட்டாலும் நிறுத்தாதீர்கள். பிடித்துவிட்டால் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

உங்களுக்குப் புதுப் பாட்டுக் காட்டிக்கொடுத்தவர் யார்? அண்ணனா, டீக்கடைக்காரரா, கேசட் கடைக்காரரா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.