கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலத்துக்கும் ஆத்தூருக்கும் பேருந்தில் போய்வரும் ஆங்கில முதுகலை, பி.எட். பட்டதாரிகளுக்கு, வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்தபடி உலகைப் பார்ப்பது இணையம் தந்த புது வாய்ப்பாகத் தோன்றலாம். தமிழர்களுக்கோ அது நூறாண்டுக்கும் மேலாகப் பழகிய பாதை. ஆசிரியருக்குத் தவித்த அரசுகளே அதைத் திறந்தன. அவற்றின் நிலை மாறியபோது அது அடைபட்டது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா

அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அதுவும் அதன் வழிவந்த பள்ளிகளும் ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் பெருகியபோது, யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் அங்கே சென்றனர்.

சென்னை மாநிலத்தின் முயற்சி

விடுதலைக்குப் பின் நம் ஆசிரியர்களும் புதிய முறையில் பயின்றனர். 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கிய ஆங்கிலப் பயிற்சி இயக்கம், சுமார் 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. முதலில் ஒரு சிறு குழு பயிற்சி பெறும். அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று பிறரைப் பயிற்றுவிப்பார்கள். இலக்கண விதி பின்னுக்குப் போனது. ஆசிரியர் புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். வகுப்பு திருப்பிச் சொல்லும். பிறகு பேனா, பை, நாற்காலி என்று பொருள் மட்டும் மாறும், வாக்கிய அமைப்பு மாறாது.

எத்தியோப்பியாவும் நைஜீரியாவும்

இதற்கிடையே வெளிநாடுகளும் ஆசிரியர்களைத் தேடின. எத்தியோப்பியா 1936 முதல் 1941 வரை இத்தாலியின் பிடியில் கற்றோர் பலரை இழந்தது. பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளை மீண்டும் எழுப்பியபோது, உயர்நிலை வகுப்புகளின் பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்ததால் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். ஆங்கிலத்தோடு கணக்கையும் அறிவியலையும் அவர்கள் ஆங்கில வழியில் கற்பித்தனர். 1974இல் பேரரசரின் ஆட்சி கவிழ்ந்தது. அந்தக் காலமும் முடிவுக்கு வந்தது. நைஜீரியாவில் எண்ணெய் வருவாய் பெருகி, 1976இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. இந்தியரும் இலங்கைத் தமிழரும் ஒப்பந்த ஆசிரியர்களாகச் சென்றனர். எண்ணெய் விலை சரிந்து, 1986இல் நைராவின் மதிப்பும் வீழ்ந்ததும் ஊருக்கு அனுப்பும் பணம் தேய்ந்தது; பலர் திரும்பினர். மாலத்தீவுக்கு ஆசிரியர்களாகச் செல்வது இன்றும் தொடர்கிறது.

இன்றைய வாசல்

அன்று பட்டமும் பயிற்சியும் கேட்டார்கள். இன்று பல நாடுகள் கடவுச்சீட்டின் நிறத்தையும் பார்க்கின்றன. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா நெடுங்காலமாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கே உரியதாக இருந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தமே இந்தியருக்கு உதவி ஆசிரியர் நிலையில் ஒரு கதவைத் திறந்தது. நல்ல ஆசிரியரைப் பிறந்த நாட்டால் அளப்பது நியாயமற்றது. எத்தியோப்பிய வகுப்பறைகளே அதற்குச் சான்று.

எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் கற்பித்த தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் ஒப்பந்தத் தாள்கள், கடிதங்கள், நினைவுகள் எல்லாம் வீட்டுப் பெட்டிகளோடு அழிந்துவிடக் கூடாது. சேலம், நாமக்கல் பகுதிக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் அவற்றைத் திரட்டும் பணியை உடனே தொடங்க வேண்டும்.