பாய்காட் என்றொருவர்

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் யாரையும் பாய்காட் செய்து பேர் வாங்கியவர் அல்லர். அது அவருக்குச் செய்யப்பட்டது.

ஆள் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் வேறும் உண்டு. பால் பாக்கெட்டில் 'பாஸ்ச்சுரைஸ்' செய்யப்பட்டது என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். அது லூயி பாஸ்டர் கண்ட முறை; அவர் செய்த வேலைக்கு அவர் பெயர். அங்கே அவர் எழுவாய். பாய்காட்டோ செயப்படுபொருள். தண்டனைக்கு உள்ளானவரின் பெயரே தண்டனையின் பெயராகிவிட்டது. அதைச் செய்தவர்களின் பெயர் அகராதியில் இல்லை. இந்தச் சொல்லின் கதை அவர்களுடைய கதை என்பதால்தான் அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இடம், அயர்லாந்தின் மேற்கில் உள்ள மேயோ மாவட்டம். லாக் மாஸ்க் என்ற பெரிய ஏரியின் கரை. பக்கத்துச் சந்தையூர் பாலின்ரோப். அங்கே எர்ன் பிரபுவுக்கு ஏறத்தாழ 2,000 ஏக்கர் நிலம் இருந்தது. பிரபு இருந்ததோ வடக்கே ஃபெர்மனா மாவட்டத்து மாளிகையில். நிலத்தைப் பார்த்துக்கொள்ளவும் குத்தகை வசூலிக்கவும் ஒரு காரியஸ்தர் வேண்டுமல்லவா? 1873இல் அந்த வேலைக்கு வந்தவர்தான் பாய்காட். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1832இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் சில காலம் பட்டாளத்தில் இருந்தார். ஊரார் 'கேப்டன்' என்று அழைத்தது மரியாதைக்குத்தான். அந்தப் பதவியை அவர் எட்டியதில்லை. தாமும் 600 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். கொடுங்கோலர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சின்ன விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதவர். வேலி தாண்டி வந்த கால்நடைக்கு அபராதம் போடுகிற ரகம்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே 1879இல் மறுபடியும் விளைச்சல் பொய்த்தது. குத்தகை கொடுக்க முடியாதவர்களைக் குடிசையை விட்டு வெளியேற்றும் உத்தரவுகள் பெருகின. அந்த ஆண்டு அக்டோபரில் மேயோவின் காசில்பார் நகரில் நிலச் சங்கம் பிறந்தது. அதை உருவாக்கிய மைக்கேல் டேவிட், நான்கு வயதில் குடும்பத்தோடு இதே மேயோவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போய், சிறுவனாக வேலை செய்த பஞ்சாலையில் வலது கையை இழந்தவர். தலைவராக அமர்ந்தவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல்.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரில் பார்னெல் பேசிய கூட்டம் முக்கியமானது. அண்டை வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டுப் பறித்த நிலத்தை ஒருவன் ஏலம் கேட்டு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டார். சுட்டுக் கொல்வோம் என்று குரல் எழுந்தது. அதைவிட நல்ல வழி, கிறிஸ்தவ வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். அவன் தெருவில் வந்தால் பேசாதீர்கள். கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட அவனைத் தனியே விடுங்கள். அந்தக் காலத்துத் தொழுநோயாளியைப் போல ஒதுக்கிவையுங்கள். அன்று அவர் மனதில் பாய்காட் இல்லை. வழியைச் சொன்னார், அதற்கு இன்னும் பெயர் இல்லை.

மூன்றே நாளில் லாக் மாஸ்க் கரையில் விஷயம் முற்றியது. குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கக் குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. பாய்காட் பதினொரு குடும்பங்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார். செப்டம்பர் 22 அன்று போலீஸ் காவலோடு கோர்ட் ஆள் நோட்டீஸ் கொடுக்கப் புறப்பட்டான். மூன்று வீடுகளில் கொடுத்து முடித்தான். நான்காவது வீட்டுப் பெண் வாங்க மறுத்துச் சிவப்புக் கொடியை ஆட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் திரண்டு வந்து கல்லும் சேறும் சாணமுமாக வீசியதில், கோர்ட் ஆளும் போலீஸாரும் பாய்காட்டின் வீட்டுக்குள் ஓடிப் புகுந்தார்கள்.

அதன் பிறகு ஊர் அவர்மேல் கை வைக்கவில்லை. அவருக்காகக் கை அசைக்கவும் இல்லை. வயல் ஆட்கள் நின்றார்கள், வீட்டு வேலைக்காரர்கள் போனார்கள். கொல்லர் லாடம் அடிக்க மாட்டேன் என்றார். துணி வெளுத்துக் கொடுத்த பெண் வரவில்லை. பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். தபால் கொண்டுவந்த சிறுவன் வழியில் மறித்து எச்சரிக்கப்பட்டான். எல்லாரும் மனமுவந்துதான் விலகினார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. பயந்து விலகியவர்களும் இருந்தார்கள். ஆனால், கலகமும் சுட்டுக்கொலையும் அறிந்திருந்த அந்த மண்ணில் ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஒரு காரியஸ்தரின் வீடு செயலற்றுப் போனது.

அக்டோபர் நடுவில் பாய்காட் தம் நிலையை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். அது அச்சானதும் மேயோவின் மூலையில் இருந்த ஒரு பண்ணை வீடு உலகச் செய்தியாயிற்று. அவருடைய உருளைக்கிழங்கையும் டர்னிப்பையும் பிடுங்கிக் கொடுக்க, வடக்கே கவன், மோனஹன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது ஆரஞ்சு சங்கத்தார், புராட்டஸ்டண்ட் ஆட்கள், நவம்பர் 12 அன்று வந்து சேர்ந்தார்கள். காவலுக்குச் சுமார் 900 சிப்பாய்கள். ஊர்க்காரர்கள் வம்புக்குப் போகவில்லை. வழியில் நிற்கவே வேண்டாம் என்று பங்குப் பாதிரியார் சொல்லிவைத்திருந்தார். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டுக்குக் குறையாமல் செலவு. நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பத்தோடு வெளியேறியபோது வண்டி ஓட்ட ஊரில் யாரும் முன்வரவில்லை. பட்டாளத்து ஆம்புலன்ஸ் வண்டியில் போனார். டப்ளினில் தங்கிய ஹோட்டலின் உரிமையாளருக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் பிறந்ததும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அந்தப் பங்குப் பாதிரியார் பெயர் ஜான் ஓமாலி. த நீல் என்ற ஊரைச் சேர்ந்தவர். சொல்லைப் பிறப்பித்தவர் அவர்தான் என்கிறார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். இருவரும் உணவு மேசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெட்பாத் சாப்பிடாமல் யோசிப்பதைக் கண்டு பாதிரியார் காரணம் கேட்டார். ஒரு சொல் தட்டுப்படவில்லை என்றார் ரெட்பாத். 'ஆஸ்ட்ரசைஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் போதாது என்றார். அது பழைய ஏதென்ஸின் சொல். வேண்டாதவர் பெயரை ஓட்டுச்சில்லில் கீறிப் போட்டு, பத்து ஆண்டுக்கு நாடு கடத்தினார்கள். அந்தச் சில்லின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. பாதிரியாரும் அது ஆகாது என்றார். குடியானவர்களுக்கு அது புரியாது என்பது ரெட்பாத் சொன்ன காரணம். பாதிரியார் சற்று யோசித்துவிட்டு, பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன என்று கேட்டார்.

இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. கற்றவர் வாயில் தயாராக ஒரு சொல் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, செய்பவர்கள் தாங்களே சொல்லக்கூடிய சொல்லை இருவர் தேடியிருக்கிறார்கள். கிரேக்கம் தெரியாத அந்த மக்களுக்கு பாய்காட்டை நன்றாகத் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் போதும். என்ன செய்யவேண்டும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. போராட்டச் சொற்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கருத்தின் ஆழத்தைப் பார்ப்பார்கள். அதைச் சொல்லும் வாய்க்கு அது எட்டுமா என்று பார்த்தவர்கள் இந்த இருவர். 1880 அக்டோபரில் ரெட்பாத்தின் எழுத்து வழியே சொல் அமெரிக்கப் பத்திரிகையில் ஏறியது. நவம்பர் 20 அன்று 'டைம்ஸ்' இதழிலேயே வந்துவிட்டது, நியூ பாலஸ் என்ற வேறோர் ஊர்க்காரர்கள் யாரையோ 'பாய்காட்' செய்யத் தீர்மானித்த செய்தியில். பாய்காட் அப்போது இன்னும் லாக் மாஸ்க் வீட்டில்தான் இருந்தார். தம் பெயர் வினையாகித் தம்மைவிட்டு ஊர் ஊராகப் போவதை அங்கிருந்தே அவர் படித்திருக்கக்கூடும்.

பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், ஜப்பானியம் என்று பல மொழிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. பாய் என்றால் பையன் என்று பிரித்து, பெண்கள் நடத்தும் மறுப்புக்குக் 'கேர்ள்காட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் முளைத்தது. பெயரில் பையன் யாரும் இல்லை. போயா என்ற பழங்கால ஆளின் குடிசை என்பதே இங்கிலாந்தின் பாய்காட் என்ற ஊர்ப்பெயர்களுக்குச் சொல்லப்படும் பொருள். குடிசையை விட்டு மக்களை வெளியேற்றப் போனவரின் பெயருக்குள் ஒரு குடிசை இருக்கிறது.

நம்மிடம் சொல் வந்தது வங்கப் பிரிவினையோடு. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று தீர்மானித்தபோது தலைவர்கள் எடுத்தாண்டது இந்த அயர்லாந்துச் சொல்லைத்தான். ஆளுக்கு எதிராகப் பிறந்த சொல் இங்கே சரக்குக்கு எதிராகத் திரும்பியது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது அது மறுபடி ஆளிடமே வந்தது. வெள்ளையருக்கும் அவர்கள் பக்கம் நின்றவர்களுக்கும் சவரம் செய்ய மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று சவரத் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் மறுத்தார்கள். பாலின்ரோப் கொல்லரையும் வெளுக்கும் பெண்ணையும் அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் அது முதலில் பகிஷ்காரம் ஆயிற்று, பின்னால் புறக்கணிப்பு. வடமொழியில் 'பகிஸ்' என்றால் வெளி. தமிழில் புறம் என்றாலும் வெளி. ஆங்கிலச் சொல்லில் ஓர் ஆள் இருக்கிறார். நம் இரண்டு சொல்லிலும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை நம் ஊர்கள் ஆங்கிலேயரிடம் கற்கவில்லை. தள்ளிவைத்தல், ஊர் விலக்கு என்று நமக்குப் பழக்கமானதுதான். நெருப்புக் கொடுக்காதே, தண்ணீர் கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே. ஆனால் நம்மிடம் அதைச் செய்தவர்கள் ஊரின் வலியவர்கள், செய்யப்பட்டவர்கள் இளைத்தவர்கள். மேயோவில் அது தலைகீழ். 1928இல் சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று நாடே முழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்பேத்கர் 'பகிஷ்கிருத பாரத்' என்று மராத்தியில் ஓர் இதழ் தொடங்கியிருந்தார். விலக்கிவைக்கப்பட்ட பாரதம் என்று பொருள். ஒரே சொல்லடி, ஒன்று ஆள்வோரை விலக்க, மற்றொன்று நாம் விலக்கிவைத்தவர்களுக்காக. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு உறுத்துகிறது. மகாராஷ்டிர அரசு 2016இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது சமூகப் புறக்கணிப்புக்கு எதிரான சட்டம். அங்கே அந்தச் சொல் ஒரு குற்றத்தின் பெயர்.

இலங்கைத் தமிழில் பகிஷ்கரிப்பு என்ற வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராஜ்யம் வேண்டி அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டில் யாரும் வேட்புமனு தராமல் இடங்கள் காலியாகக் கிடந்தன. பணிப்பகிஷ்கரிப்பு என்று அங்கே வேலைநிறுத்தத்தையும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு. சாலை கேட்டு ஊர் எல்லையில் கறுப்புக்கொடி கட்டும் கிராமத்துக்கு அந்தச் சொல் பொருந்துகிறது. கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவர்களிடம் இருப்பது வாக்கு ஒன்றே. ஒரு படம் பிடிக்கவில்லை என்று கைப்பேசியில் பாய்காட் என்று தட்டிவிடுவதற்கும் இதே சொல் போதும் என்று நான் நினைக்கவில்லை. மேயோவில் வேலையை விட்டவர்கள் கூலியை இழந்தார்கள்.

பாய்காட் வேறு வேலைக்கு மாறவில்லை. 1886இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் இன்னொரு நிலப்பிரபுவுக்குக் காரியஸ்தரானார். 1897 ஜூன் 19 அன்று, 65ஆம் வயதில் இறந்தார். பிறந்த ஊரான பர்க் செயின்ட் பீட்டரில், தந்தை பாதிரியாராக இருந்த தேவாலயத்து வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் அவர் பிறந்தபோது குடும்பம் தன் பெயரைப் 'பாய்கேட்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தது. எழுத்தை மாற்றியது அவர் சிறுவனாக இருந்தபோது.