உண்டியலும் கைபேசியும்



ஓரிடத்திலுள்ள பணத்தை வேறோரிடத்துக்கு அனுப்புவது, மனிதன் வாணிகம் செய்யத் தொடங்கிய நாள்தொட்டு அவனை வருத்திவந்த கவலையாகும். தானே கொண்டு சென்றால் கள்வர் பயம். பிறரிடம் கொடுத்தனுப்பினால் அவர்தம் நாணயத்தைப் பற்றிய ஐயம். இன்றோ கைபேசியை விரலால் தொட்ட மாத்திரத்தில் பணம் ஊர்விட்டு ஊர் சென்று சேர்கின்றது. இவ்வசதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அறிய விரும்புவோர், முன்னர் நடந்தவற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று.

கொழும்புச் செட்டியார் தெருவிலே கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் உண்டியல் என்னும் முறையைக் கையாண்டனர். கொழும்பிலே பணத்தைக் கட்டியவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கப்படும். அதனைத் தமிழகத்திலுள்ள கடையிலே காட்டினால் அங்கே பணம் கிடைக்கும். கண்டவுடன் பணம் கொடுக்கவேண்டிய உண்டியலும் இருந்தது; தவணை குறித்த உண்டியலும் இருந்தது. கடலைக் கடந்தது காகிதமேயன்றிக் காசு அன்று. அம்முறையைத் தாங்கி நின்றது ஆளறிமுகம். சீட்டைக் கொணர்ந்தவர் யார், எழுதியவர் கையெழுத்து எத்தகையது என்று பார்த்தறியக் கடைக்காரருக்கு அவகாசம் இருந்தது.

பின்னர் வங்கிகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் வெளியிட்ட தாள்கள் இந்நாட்டிலே பணமாக வழங்கின. வெள்ளி நாணயங்களைச் சுமந்து திரிந்த மக்களுக்கு அத்தாள்கள் பெரும் வசதியாயின. ஆனால் 1869ஆம் ஆண்டிலே கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த வங்கியும் 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் வீழ்ந்தது. முதல்நாள் பணமாக இருந்த தாள் மறுநாள் வெறுந்தாளாகிவிடுமோ என்று மக்கள் அஞ்சினர். அவ்வேளையில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று உறுதியளித்தார். அதே ஆண்டிலே காகித நாணயக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தாள் வெளியிடும் உரிமை நாணயச் சபையின் கைக்கு வந்தது. அச்சபையின் பணியை 1950ஆம் ஆண்டிலே மத்திய வங்கி ஏற்றது.

ஆனால் தேசாதிபதியின் உறுதி தாள்களுக்கு மட்டுமே உரியது. வங்கியிலே பணம் வைத்திருந்தோரை அது காக்கவில்லை. வைப்பாளரைக் காக்கும் கட்டாயக் காப்புறுதித் திட்டம் இந்நாட்டிலே 2010ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. வசதி முன்னே நடக்கின்றது. காவல் நெடுந்தூரம் பின்னே வருகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலே அகப்படுவோர் பெரும்பாலும் எளியோரே.

நம் காலத்துக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு முதல், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து வேறு வங்கிக் கணக்குக்கு உடனுக்குடன் பணம் அனுப்பும் ஏற்பாடு இங்கே நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டிலே கொடுப்பனவு அட்டை முதலியவற்றின் மோசடிக்கு எதிராகவும், 2007ஆம் ஆண்டிலே கணினிக் குற்றங்களுக்கு எதிராகவும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் களவு ஒழிந்ததா? 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், நியூயோர்க்கிலே பங்களாதேஷ் மத்திய வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து கணினிக் கள்வர் போலிக் கட்டளைகள் மூலம் பெருந்தொகையைக் கவர முயன்றனர். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. அதிற் பெரும்பகுதி மீளவில்லை. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரிலே வந்த ‘பவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமையால், இடையிலிருந்த வங்கி ஐயுற்று விளக்கம் கேட்டது என அப்போது செய்திகள் வெளிவந்தன. அத்தொகை மீட்கப்பட்டது. எழுத்துப் பிழைக்காக மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியனாகிய நான், ஒரு பிழையால் விளைந்த நன்மையை எண்ணி வியக்கின்றேன். ஆயினும் பணத்தைக் காத்தது பிழையன்று. அதைக் கண்டு நின்று வினவிய மனிதரின் நிதானமே.

அந்த நிதானம் இல்லாதபோது நேர்வதையும் நான் கண்டதுண்டு. என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். “ஐயா, உங்கள் கணக்கு முடங்கப் போகின்றது; இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்றான். ஒருமுறை மட்டும் செல்லும் அந்த இரகசிய இலக்கத்தை அவர் சொல்லிவிட்டார். ஓய்வூதியத்திலிருந்து சேர்த்த பணம் சில நிமிடங்களிலே மறைந்தது. வைப்புக் காப்புறுதி வங்கி வீழ்ந்தாற் காக்கும். நாமே திறவுகோலைக் கள்வனிடம் கொடுத்தாற் காக்காது. “நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்று கூறி, மேலே பேச இயலாது அவர் இருந்த கோலம் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

இதனால் இப்புதிய முறையை வெறுத்தொதுக்குதல் தகுமோ? தகாது. மின்கட்டணம் செலுத்த ஒரு நாளை இழந்து வரிசையில் நின்ற காலம் எனக்கு நினைவிருக்கின்றது. நோயுற்ற தாய்க்குத் தூரத்திலுள்ள மகன் நொடிப்பொழுதிலே மருந்துக்குப் பணம் அனுப்புவதும் சிறிய நன்மையன்று. எனவே இம்முறையை ஏற்போம். ஆனால் பழைய உண்டியற் கடைக்காரரின் வழக்கத்தையும் உடன் கொள்வோம். அவசரப்படுத்தும் குரல் எதுவாயினும், அழைப்பைத் துண்டித்து, நாமறிந்த வங்கி இலக்கத்துக்கு நாமே பேசி உண்மை அறிவோம். இரகசிய இலக்கத்தை எவர் கேட்பினும் சொல்லாதிருப்போம். அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கும், சேமிப்புக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்வோம்.

பணம் விரைந்து செல்லட்டும். அதை அனுப்பும் விரல் மட்டும் ஒரு கணம் தாமதிக்கட்டும்.